இரவல் இல்லாத பாடப்புத்தகம்

என் மனைவி சாம்பாருக்காக ஒருவரிடம் கோபித்துக்கொண்டாள் என்றால் அது மேடத்திடம் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் சாம்பார் ஊற்றிக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றார். மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"எங்க அம்மா பக்குவம் மேடம்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம்.

"உங்கம்மாவுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தாங்க?"

"அவங்க அம்மாவா இருக்கும்."

"இருக்கும்னா எப்பிடிங்க? கேட்டுப் பாத்தீங்களா?"

மேடத்தின் வாயை அடைத்துவிட வேண்டும் என்று மனைவி அன்று சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மதுரைக்குப் பேசினாள். என் மாமியார் வெள்ளந்தி. மிக்ஸி வாங்கியபோது இலவசமாகக் கொடுத்த சமையல் புத்தகத்தில் பார்த்தது என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். மனைவி கொஞ்ச நாள் மேடத்தின் பெயரை எடுத்தாலே அடுப்படிக்குள் போய்விடுவாள். மேடத்துக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. மறுநாள் கல்லூரியில் என்னைப் பிடித்து, "அந்த மிக்ஸிப் பொஸ்தகத்த எழுதுனது ஆருன்னு போட்டிருக்குதுங்களா சார்?" என்று கேட்டார்.

புனேயில் ஒரு வணிகவியல் கல்லூரியில் நான் கணக்குப்பதிவியல் நடத்தினேன், மேடம் பொது நிதி நடத்தினார். அரசாங்கம் எப்படி வரி போடுகிறது, எப்படிச் செலவழிக்கிறது, எப்படிக் கடன் வாங்குகிறது என்கிற பாடம். ஆசிரியர் அறையில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். அவர் புனேயை ஒட்டிய கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். கடையில் மராத்தி, வகுப்பில் ஆங்கிலம், பியூனிடம் ஹிந்தி. ஆனால் தமிழ் என்று வாயைத் திறந்தால் நேற்றுத்தான் பொள்ளாச்சியிலிருந்து ரயிலேறி வந்தவர் மாதிரி இருக்கும். அவர் பெயரை எழுதப் போவதில்லை. கல்லூரியில் எத்தனையோ மேடங்கள் இருந்தாலும் வெறுமனே மேடம் என்றால் அவர்தான்.

வெயிலுக்கு முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, கல்லூரிப் பெண்கள் மாதிரி மொபெட்டில் வருவார். தோள்பையில் சாப்பாட்டு டப்பா இருக்கும், அதோடு ஒரே புத்தகத்தின் இரண்டு பதிப்புகள் இருக்கும். ஒரே புத்தகத்தை எதற்கு இரண்டாகச் சுமக்கிறீர்கள் என்று கேட்கிற புது ஆளுக்கு அன்றைய மத்தியானம் போய்விடும். நானும் அப்படி ஒரு மத்தியானத்தைத் தொலைத்தவன்தான்.

மேடத்தின் கட்சி இதுதான். பாடப்புத்தகங்களுக்கும் குடும்பம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிலாந்தில் எழுதிய பொது நிதிப் புத்தகங்களைத்தான் நம் கல்லூரிகளில் வைத்தார்கள். பிறகு நம்மவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். "எழுதுனாங்க" என்ற சொல்லை மேடம் ஒப்புக்கொள்ள மாட்டார். "எறக்கி வெச்சாங்க" என்பார். சாட்சிக்கு அவர் எப்போதும் கூப்பிடுவது ஒரு ஏழைக் குடியானவனை. பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில் அவன் குளிர்காலத்தில் கணப்புக்கு நிலக்கரி வாங்குவான், நிலக்கரி வரி அவன் தலையில் விழும். இந்தியப் பேராசிரியர் ஒருவர் அந்தக் குடியானவனை அப்படியே தூக்கிக்கொண்டார். அடுத்து வந்தவர் அவனுக்கு ராம்லால் என்று பெயர் வைத்தார், கணப்பை அணைக்கவில்லை. மராத்தி மொழிபெயர்ப்பில் ராம்லால் நாக்பூருக்குக் குடிபோனான். நாக்பூர் வெயில் எப்படி என்று இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அங்கேயும் அவன் கணப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்த மனுசன் வெந்தே போயிருப்பானுங் சார்" என்பார் மேடம், உண்மையான வருத்தத்தோடு.

ஒரு அட்டவணையில் கூட்டல் தப்பு. அந்தத் தப்பு நான்கைந்து புத்தகங்களில் பத்திரமாக இருந்தது. ஒவ்வொன்றையும் என் முன்னால் பரப்பி வைத்து, கணக்கு வாத்தியார் என்ற முறையில் என்னைக் கூட்டச் சொன்னார். தப்புதான் என்று நான் சான்றிதழ் கொடுத்ததும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"சரியா எழுதியிருந்தா அவியவிய தானா எழுதுனாங்கன்னு சொல்லிப்போடலாமுங். தப்ப இத்தன பேரு தானா இதே மாதிரி பண்ண முடியுங்களா? அப்பன் மூக்கு புள்ளைக்கு வார மாதிரியில்ல வந்திருக்குது!"

இன்னொன்று சொல்வார். தமக்குத் தெரிந்த ஒரு பெரிய நூலாசிரியர் அறுபதுகளின் பதிப்பில், வளரும் நாட்டுக்குப் பற்றாக்குறை நிதி மருந்து என்று எழுதினாராம். தொண்ணூறுகளின் பதிப்பில் அதே பக்கத்தில் அது விஷமாகிவிட்டது. பின்னட்டையில் அதே ஆள், அதே மூக்குக்கண்ணாடி, அதே புகைப்படம். "மனசு மாறுனா போட்டோவயாச்சும் மாத்தோணுமில்லீங்களா?"

இப்படி ஊரார் புத்தகத்தையெல்லாம் கிழித்துக்கொண்டிருந்தவரிடம், புத்தகக் கடைகளுக்குப் பேர்போன 'அப்பா பல்வந்த் சௌக்' என்ற இடத்தில் கடை வைத்திருந்த மராத்திப் பதிப்பாளர் ஒருவர் வந்து, நீங்களே ஒன்று எழுதிக் கொடுங்களேன் என்றார். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். மேடம் உடனே ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை, அதுவும் தனக்குத் தானே போட்டுக்கொண்டது. அந்தப் புத்தகத்தில் ஒரு உதாரணம்கூட இரவல் இருக்காது. ஓய்வு பெறுவதற்குள் அந்த ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்துவிட வேண்டும். வாழ்க்கையில் வேறெதையும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். வீட்டில் அவரும் வயதான அப்பாவும்தான்.

முதல் அத்தியாயம் எப்படியோ கரையேறியது. இரண்டாவது அத்தியாயத்தில் கலங்கரை விளக்கம் குறுக்கே வந்து நின்றது. பொதுப் பண்டம் என்றால் என்ன என்று விளக்க உலகத்திலுள்ள எல்லாப் பொது நிதிப் புத்தகங்களும் கலங்கரை விளக்கத்தைத்தான் காட்டுகின்றன. ஒரு கப்பல் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதால் இன்னொரு கப்பலுக்கு வெளிச்சம் குறைவதில்லை, காசு கொடுக்காத கப்பலைப் பார்க்காதே என்று தடுக்கவும் முடியாது. நல்ல உதாரணம். ஆனால் புனேயில் கடல் இல்லை. தேர்வில் படம் போட்ட ஒரு பையன் தண்ணீர்த் தொட்டியை வரைந்து உச்சியில் ஒரு குண்டு பல்பை மாட்டியிருந்தான். மேடம் அவனுக்கு முழு மதிப்பெண் போட்டார். தப்பாக இருந்தாலும் அவனே யோசித்தது என்றார்.

தெருவிளக்கை வைக்கலாமே என்றேன். அதை ஏற்கெனவே ஒருவர் எடுத்துவிட்டாராம். ராணுவம்? அது எல்லோரும் எடுத்தது. பதிப்பாளர் போன் போட்டபடி இருந்தார், மேடம் உதாரணம் தேடியபடி இருந்தார்.

கடைசியில் அது அவர் வீட்டிலேயே அகப்பட்டது. ஒரு மாலை நான் கட்கியில் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேடத்தின் அப்பா இளவயதில் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்து, கட்கியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். நேரத்துக்குச் சங்கு ஊதுவது அவர் பொறுப்பு. பேச்சுவாக்கில் சொன்னார்:

"ஒருநா கண்ணசந்து கொஞ்சம் தள்ளி ஊதிப்போட்டேனுங். நம்ம பேக்டரி ஆளுக மட்டும் லேட்டுன்னா பரவால்லீங். பள்ளிக்கோடம் லேட்டு. ஆத்துக்கு அந்தப்பக்கம் பொம்பளைக ஒலை வெக்கறது லேட்டு. பக்கத்துல சோடாக் கம்பெனிக்காரன், அவனுக்குச் சங்கே கெடையாது, நம்முளுது கேட்டுத்தான் கதவத் தொறப்பான். அவன் வந்து என்னயச் சண்டைக்கு இழுத்தான் பாருங். அவனா எனக்குச் சம்பளம் குடுக்கறான்?"

மேடம் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் காகிதம் தேட ஓடினார். அந்த அத்தியாயத்தை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: 'என் தந்தை சங்கு ஊதினார். தொழிற்சாலை அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஆற்றுக்கு அப்பால் உலை வைத்த பெண்ணும் அதைக் கேட்டாள். அவள் எதுவும் கொடுக்கவில்லை. அவள் கேட்டதால் மற்றவர்களுக்குச் சங்கொலி குறையவும் இல்லை.' சோடாக் கம்பெனிக்காரரும் தம் கோபத்தோடு அடுத்த பத்தியில் வந்தார்.

அவர் வாசித்து முடித்தபோது கேலி செய்ய எனக்கு ஒன்றுமே அகப்படவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

"எங்காச்சும் படிச்ச மாதிரி இருக்குதுங்களா சார்?" என்றார் பயந்துகொண்டே.

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அந்தக் கோடை விடுமுறை முழுக்கத் தம்மிடம் இருந்த புத்தகங்களில் எல்லாம் வேறு யாராவது சங்கு ஊதியிருக்கிறார்களா என்று தேடினார். யாரும் ஊதியிருக்கவில்லை. ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது மேடம் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவர் அப்பாவும் பதிப்பாளரோடு சேர்ந்துகொண்டார். நான் எப்போது போனாலும், "நம்ம சங்கு அச்சாயிருச்சுங்களா?" என்று கேட்பார். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஹிந்தி பேசுவார், இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் தான் ஒரு காலேஜ் புத்தகத்தில் வரப் போகிறோம் என்று அந்தக் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அச்சாவதற்கு அரசாங்கம் விட்டால்தானே. ஒவ்வொரு பிப்ரவரிக் கடைசியிலும் ஆசிரியர் அறையில் பட்ஜெட் கேட்போம். வருமான வரியில் நமக்கு என்ன குறையும் என்று எங்களுக்குக் கவலை, தம் ஐந்தாம் அத்தியாயத்தில் எது செத்தது என்று மேடத்துக்குக் கவலை. நிதியமைச்சர் வாயைத் திறக்கத் திறக்க இவர் சிவப்புப் பேனாவால் அடிப்பார். சேவை வரி அத்தியாயம் வருஷா வருஷம் வீங்கியது. விற்பனை வரி அத்தியாயத்தை மேடம் மினுக்கி முடித்த நேரத்தில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. "இந்தாளு என்ற பொஸ்தகத்தப் படிச்சுப்போட்டு வேணும்னே பண்றாருங்" என்றார். நடுவில் பாடத்திட்டமும் மாறியது. பையன்கள் எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்த ஹிஞ்சேவாடிப் பக்கம் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள், பொருளாதார வகுப்பில் கூட்டம் இளைத்தது. ஒருநாள் பதிப்பாளர் நேரிலேயே வந்து ஹிந்தியில் கைகூப்பிச் சொன்னார்: "மேடம், பசங்களுக்குப் பாஸாக ஒரு புஸ்தகம் போதும். உங்களுக்குப் பிறகும் வரி இருக்கும். இப்போதைக்கு இருக்கிறதைக் கொடுங்க." மேடம் கொடுக்கவில்லை.

ஆனால் இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் மாணவர்களுக்குக் கொடுத்திருந்தார். கலங்கரை விளக்கத்தை இனி நடத்த மாட்டேன் என்று பிடிவாதம், அதனால் தட்டச்சு செய்து ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார். கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் மேடம் நோட்ஸ் என்று விற்றார். வேறு கல்லூரிக்காரர்களும் வாங்கிப் போனார்கள். காசு கொடுக்காதவர்களைத் தடுக்க முடியாத பண்டத்தைப் பற்றிய பாடம் அப்படித்தான் ஊருக்குள் போயிற்று.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு ஜூலை மாதம், வேறொரு பதிப்பகத்தின் விற்பனையாளர் மாதிரிப் பிரதிகளை எங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். புதிய பாடத்திட்டத்துக்கான பொது நிதி. பல்கலைக்கழகப் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டது. எழுதியவர்கள் வேறு ஒரு கல்லூரியின் விரிவுரையாளர்கள் மூன்று பேர். நான் சும்மா புரட்டினேன். இரண்டாம் அத்தியாயத்தில் சங்கு ஊதியது.

'என் தந்தை சங்கு ஊதினார்.' மூன்று ஆசிரியர்கள், மூன்று வேறு குடும்பப் பெயர்கள், மூவருக்கும் சேர்த்து ஒரே தந்தை. எனக்கு முதலில் வாய்விட்டுச் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது. என்ன அவசரமோ, 'என்' என்பதை எடுக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

மேடம் அந்தப் பக்கத்தை நின்றுகொண்டே படித்தார். கடைசியில், "கமாவக்கூட மாத்துலீங்" என்றார். பிறகு உட்கார்ந்தார். "என்ற அப்பாவ எடுத்துட்டாங்க சார்" என்றார். அவர் கண்ணில் தண்ணீரை நான் பார்த்தது அன்றுதான்.

துறைத் தலைவர் மராத்திக்காரர், கோபக்காரர். மேஜையில் ஓங்கித் தட்டினார். பல்கலைக்கழகத்துக்குப் புகார் கொடுங்கள், ஜெராக்ஸ் நோட்ஸ் படித்த பையன்கள் எத்தனையோ பேர் சாட்சி சொல்வார்கள், புத்தகத்தையே பட்டியலிலிருந்து தூக்கி விடுவார்கள், உங்கள் புத்தகத்துக்கும் வழி பிறக்கும் என்றார். நாங்கள் எல்லோரும் அவர் பக்கம். மேடமும் அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதினார். 'பணிவுடன் தெரிவித்துக்கொள்வது' என்று ஆரம்பிக்கச் சொன்னேன், அது யாரோ எழுதியது என்று அந்த நிலையிலும் மறுத்துவிட்டார். கையெழுத்துப் பிரதி வீட்டில் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு நேரே பல்கலைக்கழகம் போய்விடலாம் என்று கிளம்பினோம். அவர் மொபெட்டில் முன்னால் போனார், நான் ஸ்கூட்டரில் பின்னால்.

வீட்டில் கூட்டமாக இருந்தது. மேடத்தின் அப்பா சலவைச் சட்டை போட்டு நாற்காலியில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். மடியில் அதே புத்தகம். மாடி வீட்டுப் பெண் வேறொரு கல்லூரியில் பி.காம். படித்தாள். தாத்தா ஊதின கட்கிச் சங்கு எங்கள் பாடத்தில் வந்திருக்கிறது என்று அவளே ஓடி வந்து ஹிந்தியில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். மீதியை அவராகவே முடிவு செய்துகொண்டார்.

"வா அம்மிணி! அச்சானத எங்கிட்டச் சொல்லவே இல்ல பாத்தியா? சோடாக் கம்பெனிக்காரனக்கூட உட்டுவெக்காம எழுதிப்போட்ட!"

அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். ஒரு அம்மாள் மேடத்தின் கையில் சர்க்கரையை வைத்தார். அப்பா புத்தகத்தை மூடி அட்டையை மேடம் பக்கம் திருப்பினார். மூன்று பெயர்களும் இங்கிலீஷில் வரிசையாக இருந்தன.

"இதுல எது அம்மிணி உன்ற பேரு?"

நான் வாயைத் திறந்தேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து நடுப்பெயரின் மேல் விரலை வைத்தார். அது மீசை வைத்த ஒரு ஆளின் பெயர், பின்னட்டையில் படம்கூட இருந்தது. அப்பா அந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப மீதி ரெண்டு பேரு?"

"கூட ஒத்தாசைக்கு வந்தவிங்கப்பா."

படியிறங்கும்போது நான் ஆரம்பித்தேன். அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், சரி, ஆனால் புகாரை நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"குடுத்தா பொஸ்தகத்த மாத்துவாங்க. அந்தப் புள்ள ஏன்னு கேக்கும். வந்து அப்பாகிட்டச் சொல்லும்" என்றார். "உடுங் சார். இத்தன வருசமா அவர நானே காக்க வெச்சுப்போட்டேன். அவிய மூணு பேரும் வெக்கல."

சரி, அப்படியானால் உங்கள் புத்தகத்தையாவது முடியுங்கள் என்றேன். அடுத்த வாரம் பார்த்தால், தம் கையெழுத்துப் பிரதியில் சங்கைச் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார். ஆசிரியர் அறை என்றும் பாராமல் கத்தினேன்.

"அச்சுல மொதல்ல வந்தது அவியளுதுங்களே" என்றார் பொறுமையாக. "நாளைக்கு என்னயாட்டம் ஒருத்தி ரெண்டு பொஸ்தகத்தயும் வெச்சுப் பாத்தா, நாந்தான் எடுத்தேன்னு வருமுங்."

அத்தோடு அந்தப் புத்தகம் நின்றது. இரண்டாம் அத்தியாயத்துக்கு வேறு உதாரணம் அவர் தேடவில்லை. எனக்கு அந்த மூன்று பேர்மேல் இன்றும் கோபம் உண்டு. மேடத்தின்மேலும் உண்டு, அது வேறு மாதிரிக் கோபம். யாருடையது என்று கேட்டுக் கேட்டு ஊரையே பாடாய்ப் படுத்தியவர், தன்னுடையதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை. அவர் அப்பா சந்தோஷமாக இருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். புத்தகத்தைப் பழுப்புத்தாள் அட்டை போட்டு டி.வி.மேல் வைத்திருந்தார். வருகிறவர்களிடம் அட்டையைக் கழற்றி நடுப்பெயரைக் காட்டுவார்.

அடுத்த ஆண்டு எங்கள் கல்லூரியிலும் அந்தப் புத்தகத்தையே வைத்தார்கள். மேடம் மறுக்கவில்லை. இரண்டாம் அத்தியாயம் நடத்திய அன்று நான் பக்கத்து அறையில் வகுப்பு முடித்து வராந்தாவில் வந்துகொண்டிருந்தேன். உள்ளே அவர் குரல் கேட்டதும் நின்றேன். 'என் தந்தை சங்கு ஊதினார்' என்ற பத்தியை அச்சில் உள்ளபடியே நிறுத்தி நிதானமாக வாசித்தார். பின் பெஞ்சில் ஒரு பையன் எழுந்து அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மராத்தியில் கேட்டான்:

"மேடம், இந்த மூணு பேரும் அண்ணன் தம்பிங்களா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை மேடம் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா" என்றார் அவரும் மராத்தியிலேயே. "என் தம்பிகள். உட்கார், அடுத்த பத்தியை வாசி."